லாரி ஓட்டப் போகும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருவோர் எண்ணிக்கை கூடிவிடும். கல்லூரிக் கட்டணம், தையல் இயந்திரம், தள்ளுவண்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. சென்ற ஆண்டு மூன்று இளைஞர்கள் சேர்ந்து வந்தார்கள். மூவரும் கேட்டது ஒன்றே: "ஹெவி லைசென்ஸ் எடுக்க உதவி செய்யுங்கள். நேஷனல் பர்மிட் லாரி ஓட்டப் போகிறோம்."

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நம் மஹல்லாவில் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியே மூன்று பெண் மக்களைக் கட்டிக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, லாரி விபத்தில் கணவரைப் பறிகொடுத்து இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் சகோதரியும் இருக்கிறார். இருவரையும் அறிந்த நாங்கள் 'போங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே ஒரு மாத அவகாசம் கேட்டோம். ஓடி ஓய்ந்த டிரைவர்கள், இப்போது ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், லாரி உரிமையாளர்கள், புக்கிங் ஆபிஸ் நடத்துபவர்கள், டிரைவர்களின் மனைவிமார் என்று பலரிடமும் கேட்டோம். அப்படிக் கற்றதை இங்கே பாடமாகத் தருகிறோம். பிள்ளை லாரிக்குப் போக வேண்டும் என்று கேட்கும் வீடுகளில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டுகிறோம்.

வேலை இருக்கிறதா?

இருக்கிறது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பகுதிகள் லாரித் தொழிலுக்குப் பேர்போனவை. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும், கேஸ் டேங்கர் வண்டிகளும், முட்டை லோடு ஏற்றும் வண்டிகளும் அதிகம். திருச்செங்கோடு ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் போர் போடுகின்றன. இந்த ஊர்களில் எந்த உரிமையாளரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "வண்டி நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை" என்பதுதான்.

ஏன் ஆள் இல்லை என்று நாம் கேட்க வேண்டும். முன்பெல்லாம் பதினாறு, பதினேழு வயதில் கிளீனராக ஏறிய பையன், டயர் கழற்றி மாட்டி, தார்ப்பாய் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே டிரைவர் ஆனான். இன்று கிளீனர் வேலைக்கு யாரும் வருவதில்லை. டிரைவரின் மகனே டிரைவராக விரும்புவதில்லை. நாங்கள் பேசிய டிரைவர்களில் பெரும்பாலோர் தம் மகன் இந்தத் தொழிலுக்கு வருவதை விரும்பவில்லை. வேலை சுலபமாகக் கிடைக்கிறது என்றால், இருந்தவர்கள் விட்டுப் போகிறார்கள் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இதை மறக்காமல் மேலே படிப்போம்.

லைசென்ஸ் எடுக்கும் வழி

நம் இளைஞர்கள் மூவரும் பணம் கிடைத்தால் அடுத்த மாதமே லாரி ஏறலாம் என்று நினைத்திருந்தார்கள். சட்டம் அப்படி அனுமதிக்கவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வண்டி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குமுன் கார் போன்ற இலகு வாகனத்துக்கான லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகே கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். போட முடியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும், மருத்துவரின் சான்றும் வேண்டும். மூவரில் இருவரிடம் கார் லைசென்ஸே இல்லை.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதி 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. படிப்பு தடைப்பட்ட பிள்ளைகளுக்கும் வழி திறந்திருக்கிறது. கனரக லைசென்ஸை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கேஸ், பெட்ரோல், அமிலம் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்குத் தனிப் பயிற்சி எடுத்து லைசென்ஸில் அதைப் பதிந்திருக்க வேண்டும். அதற்கு மூன்றாண்டுதான் கெடு.

கண் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள் என்பது எங்கள் அனுபவம். மருத்துவச் சான்றில் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா என்ற கேள்வி உண்டு. மூவரில் ஒருவருக்கு அது முடியவில்லை. அந்தப் பையனுக்கு அதுவரை தெரியாது, வீட்டிலும் தெரியாது. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் தெரிந்ததே பெரிய லாபம்.

பயிற்சிக்கு எங்கே போவது? தெருமுனைப் பயிற்சிப் பள்ளியில் பழைய லாரியில் சில நாள் ஓட்டிக்காட்டி டெஸ்ட் முடிப்பது ஒரு வகை. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கனரக ஓட்டுநர் பயிற்சி, நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சி நிலையம் போன்றவற்றில் முறையாகக் கற்பது இன்னொரு வகை. முதல் வகையில் லைசென்ஸ் கிடைக்கும், தொழில் கிடைக்காது. பல லட்சம் ரூபாய் வண்டியையும் அதற்கு ஈடான சரக்கையும் லைசென்ஸை மட்டும் பார்த்து எந்த உரிமையாளரும் ஒப்படைக்க மாட்டார். எங்கே பயின்றாலும், முதல் ஓராண்டாவது அனுபவசாலியான ஒருவருடன் இரண்டாவது டிரைவராகப் போவதுதான் முறை.

சம்பளமும் படியும்

"மாசம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு நாங்கள் விசாரித்த இடமெல்லாம் வேறு வேறு பதில் வந்தது. சில இடங்களில் மாதச் சம்பளமும் நாள் படியும். சில இடங்களில் சம்பளம் இல்லை. வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேச்சு. சில கம்பெனிகளில் கிலோமீட்டர் கணக்கு. ஆகவே தொகையைக் கேட்கும் முன் முறையைக் கேளுங்கள். வண்டி லோடு கிடைக்காமல் நான்கு நாள் புக்கிங் ஆபிஸ் வாசலில் நின்றால் அந்த நான்கு நாளுக்குப் படி உண்டா? வண்டி பட்டறையில் இருந்தால் உண்டா? சரக்கில் குறைவு வந்தால் யார் கட்டுவது? போலீஸ் அபராதம் யார் கணக்கு? மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும் இடங்களில் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சரியாக இருப்பதில்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வேலைக்குச் சேரும்போதே கை நிறைய முன்பணம் கொடுக்கும் உரிமையாளர் தயாள குணத்தால் மட்டும் கொடுப்பதில்லை. அந்தக் கடன் தீரும்வரை வேறு வண்டிக்குப் போக முடியாது. தூக்கம் வருகிறது என்று சொல்லி வண்டியை ஓரம் கட்டவும் தைரியம் வராது. "சம்பளத்தை வாங்கினவன் டிரைவர், அட்வான்ஸை வாங்கினவன் அடிமை" என்று ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தொழிலுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

நாமக்கல்லில் இருந்து டெல்லிக்கு சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியாக சுமார் 2,400 கிலோமீட்டர். லோடு வண்டி டோல்கேட், ஊர் நெரிசல், மேடு எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் போவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 மணி நேர ஓட்டம். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்று அதிகபட்சம் 10 மணி நேரம் என்று வகுத்தது. வாரம் 54 மணிக்கு மேல் கூடாது, ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு வேண்டும் என்றது. அந்தக் கணக்குப்படி தனி டிரைவர் டெல்லி போய்ச் சேர ஆறு நாள், நடுவில் வார ஓய்வு சேர்த்தால் ஏழு நாள் ஆகும்.

லோடு கொடுப்பவர் "நாலு நாளில் இறக்க வேண்டும்" என்கிறார். நாளைக்கு 600 கிலோமீட்டர். 15 மணி நேரம் ஸ்டீயரிங். சாப்பாடு, குளியல், டயர் பார்ப்பது, தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது எல்லாம் போக, தூங்குவதற்கு ஐந்து மணி நேரம் மிஞ்சினால் அதிகம். அதுவும் பார்க்கிங்கில், டீசல் திருட்டுக்குக் காவலாக, ஒரு காதைத் திறந்து வைத்துத் தூங்கும் தூக்கம்.

இதற்கு அரசின் காகிதங்கள் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. இ-வே பில்லின் கெடு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2,400 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நாள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பின் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் காத்துக்கிடந்த காலமும் போய்விட்டது. ஃபாஸ்டேக் வந்து டோல்கேட் காத்திருப்பும் குறைந்துவிட்டது. மிச்சமான நேரம் டிரைவரின் தூக்கத்துக்குப் போகவில்லை. அடுத்த டிரிப்புக்குப் போய்விட்டது. முன்பு நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்ற விதி இருந்தது. 2018-இல் அதுவும் நீக்கப்பட்டது. ஆகவே வேலை கேட்கும்போது, "வண்டியில் எத்தனை டிரைவர்?" என்பதுதான் சம்பளத்துக்கும் முந்திய கேள்வி.

மலை இறக்கத்தில் ஒரு பாடம்

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் உள்ள தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளைச் செய்தித்தாளில் பார்க்காதவர் இல்லை. அங்கே என்ன நடக்கிறது? நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினை அணைத்தால் இன்னும் மோசம்: காற்று பிரேக்குக்கு வேண்டிய காற்று ஏறாது, ஸ்டீயரிங்கும் இறுகும்.

ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். மிச்சம் பிடித்த டீசலில் டிரைவருக்குப் பங்கு தரும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அந்தச் சில நூறு ரூபாயை நினைத்து நியூட்ரலில் இறக்க மாட்டேன் என்று உறுதி எடுக்க முடியாத பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.

விபத்து நடந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் விபத்து நேரலாம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. போலீசுக்குத் தெரிவிக்காமல் ஓடிவிட்டால் பத்தாண்டு வரை என்ற உட்பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் நாடெங்கும் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த உட்பிரிவை அரசு நடைமுறைப்படுத்தாமல் நிறுத்திவைத்தது.

ஓடிப்போவதற்கு டிரைவர்கள் சொல்லும் காரணம், கூட்டம் அடித்துவிடும் என்ற பயம். அது பொய்ப் பயம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டமே அதை அறிந்திருக்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாவிட்டால் விலக்கு உண்டு. ஆனால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: 108-ஐ அழை, 112-ஐ அழை. நிற்க முடியாத நிலை என்றால் அடுத்த காவல் நிலையத்தில் போய் நில். ஊருக்கு ஓடி வராதே.

எழுத்தில் இருக்கட்டும்

மேலே சொன்ன சகோதரியின் கதையை அவருடைய அனுமதியோடு சொல்கிறோம். கணவர் வேற்று மாநிலத்தில் லோடு லாரி கவிழ்ந்து இறந்தார். வேலையின்போது இறக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்ற சட்டம் 1923 முதலே நம் நாட்டில் இருக்கிறது. லாரியின் இன்சூரன்ஸும் அதன் டிரைவருக்கான அந்தப் பொறுப்பை ஏற்கும். ஆனால் வண்டி உரிமையாளர், "அவர் என்னிடம் வேலை பார்க்கவில்லை, நண்பரின் வண்டியைக் கேட்டு எடுத்துப் போனார்" என்று சொல்லிவிட்டார். ஆறு ஆண்டுகள் அதே வண்டியை ஓட்டியவர். ஆனால் சம்பளம் எல்லாம் கையில். ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கணவரின் பழைய செல்போனில் இருந்த லோடு இறக்கிய ரசீதின் படங்களும், டீசல் போடப் பணம் அனுப்பிய குறுஞ்செய்திகளும்தான் இன்று அவருக்கு உள்ள பிடிப்பு.

இதில் நமக்குள்ள பாடம் எளியது. சம்பளத்தில் ஒரு பகுதியாவது வங்கிக் கணக்கில் வரட்டும். ஒவ்வொரு டிரிப்பின் பில்லையும் படம் எடுத்து மனைவிக்கோ அத்தாவுக்கோ அனுப்பிவிடட்டும். வண்டி எண், உரிமையாளர் பெயர், இன்சூரன்ஸ் காகிதத்தின் படம் வீட்டில் இருக்கட்டும். வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் அரசுத் திட்டம் எல்லா வங்கிகளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகளின் கல்விக்கும், விபத்துக்கும், முதுமைக்கும் உதவி உண்டு. நாங்கள் கேட்டுப் பார்த்த டிரைவர்களில் பாதிப் பேர்கூட அதில் பதிவு செய்யவில்லை.

சொந்த லாரி ஆசை

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர், இரண்டே வருடம் லாரி ஓட்டிய நிலையில், பழைய லாரி ஒன்றை வாங்கப் போவதாகச் சொன்னார். அறக்கட்டளையில் சிலர் சேர்ந்து முன்பணத்துக்கு உதவினோம். மீதிக்கு வெளியே கடன். முதல் மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு எஞ்சின் வேலை வந்தது. அடுத்து டயர். பத்துச் சக்கர வண்டிக்கு டயர் மாற்றும் செலவை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. போகும்போது லோடு கிடைத்தது. திரும்பி வர லோடு கிடைக்காமல் தவணை மட்டும் வளர்ந்தது. ஒன்றேகால் வருடத்தில் வண்டியைக் கடன்காரர் கொண்டுபோனார். வீட்டு நகையும் போயிற்று.

அவர் உழைப்பில் குறை இல்லை. ஓட்டத் தெரிவது வேறு, லாரித் தொழில் தெரிவது வேறு என்பதை நாங்கள்தான் அறியாமல் உதவினோம். ஐந்தாண்டாவது பிறர் வண்டி ஓட்டி, எந்த ஊரில் எந்த மாதம் என்ன லோடு கிடைக்கும், எந்தப் புக்கிங் ஆபிஸ் பாக்கி வைக்காது என்பதெல்லாம் தெரிந்த பிறகே சொந்த வண்டியைப் பற்றி நினைக்க வேண்டும்.

உடலும் வீடும்

இடுப்பு வலி, மூலம், சிறுநீரகக் கல், சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று நாங்கள் சந்தித்த மூத்த டிரைவர்கள் எல்லோரும் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். தண்ணீர் குடித்தால் அடிக்கடி நிறுத்த வேண்டும் என்று குடிக்காமலே ஓட்டியது பலரின் தவறு. 2025-க்குப் பின் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் ஆக்கப்பட்டிருப்பது நல்ல மாற்றம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டு ஓடும். தூக்கம் வராமல் இருக்கவென்று போதைப் பாக்கும் மாத்திரையும் கொடுக்கும் கைகள் நெடுஞ்சாலையில் உண்டு. அதைத் தொட்டவர் மீண்டது அரிது.

வீட்டைப் பற்றி ஒரு டிரைவரின் மனைவி சொன்னது: "பிள்ளை பிறந்தப்போ நாக்பூர்ல இருந்தாரு. அத்தா வந்திருக்காகன்னு சொன்னா, பிள்ளை என் முந்தானைக்குப் பின்னாடி ஒளியும்." அவரே அடுத்து சொன்னார்: "ஆனா எங்க வீட்டுல யாரும் பசியோட படுத்ததில்ல." இரண்டும் உண்மை. கல்யாணம் பேசும் முன் பெண் வீட்டாரிடம் இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்வது நல்லது.

அப்படியானால் யாருக்கு ஏற்றது?

எங்கள் முடிவு இது. நெடுந்தூர லாரி ஓட்டம் கண்ணியமான, ஹலாலான உழைப்பு. நாட்டில் அரிசியும் மருந்தும் வீடு வந்து சேர்வது அவர்களால்தான். ஆனால் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் வருகிறவருக்கு இது ஏற்றதல்ல. பொறுமை உள்ளவர், தனிமையைத் தாங்குபவர், கண் நலமும் தூக்க ஒழுக்கமும் உள்ளவர், 'முடியாது' என்று உரிமையாளரிடம் சொல்லும் துணிவுள்ளவர் வரலாம். வருகிறவர் முதல் இரண்டு ஆண்டை வருமானமாகக் கருதாமல் படிப்பாகக் கருத வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போகும் முன், மாவட்டத்துக்குள் ஓடும் சிறு வண்டியில் ஓராண்டு ஓட்டிப் பழகுவது இன்னும் நல்லது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு வாகன லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

மூன்று இளைஞர்கள் என்ன ஆனார்கள்? நிறம் பிரித்தறிய முடியாத தம்பி, இப்போது டீசல் மெக்கானிக் பட்டறையில் தொழில் கற்கிறார். லாரி மேல் உள்ள ஆசை போகவில்லை; அடியில் படுத்துக்கொண்டு தீர்த்துக்கொள்கிறார். இரண்டாமவரை, பணம் கொடுக்கும் முன், நம் பெரியவர் ஒருவரின் வண்டியில் ஒரு டிரிப் பார்த்து வர அனுப்பினோம். பதினெட்டு நாள் கழித்து வந்தவர், "என்னால் முடியாது" என்று நேர்மையாகச் சொன்னார். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஊரிலேயே பார்சல் வேன் ஓட்டுகிறார். மூன்றாமவர் ஏற்கெனவே கார் லைசென்ஸ் வைத்திருந்தார். முறையான பயிற்சிக்கு நாம் உதவினோம். இன்று அதே பெரியவரோடு இரண்டாவது டிரைவராகப் போகிறார். மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து, டிரிப் காகிதங்களின் நகலைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இனி ஹெவி லைசென்ஸுக்கு உதவி கேட்டு வருவோருக்கு மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறோம்: முதலில் கண் பரிசோதனை, அடுத்து தெரிந்த டிரைவர் ஒருவருடன் ஒரு முழு டிரிப், கடைசியாக, உதவி வாங்கும் அன்றே நல வாரியப் பதிவுக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் விண்ணப்பம். இவற்றை நிறைவேற்றியவருக்கு, இன்ஷா அல்லாஹ், நம்மால் இயன்றதைச் செய்வோம்.

வீட்டில் சேர்ந்து பேசுவதற்கு

1. பிள்ளை லாரிக்குப் போக விரும்புவது எதனால்? வருமானமா, ஊர் சுற்றும் ஆசையா, வீட்டில் உள்ள கடனா?

2. சேரப்போகும் வண்டியில் எத்தனை டிரைவர்கள்? லோடு இல்லாத நாளுக்குப் படி உண்டா? கேட்டாயிற்றா?

3. 2,400 கிலோமீட்டரை நான்கு நாளில் முடிக்கச் சொன்னால் பிள்ளை என்ன பதில் சொல்வார்? அந்தப் பதிலால் வேலை போனால் வீட்டார் அவருக்குத் துணை நிற்பார்களா?

4. வண்டி எண்ணும் உரிமையாளர் பெயரும் இந்த நேரத்தில் வீட்டில் யாரிடம் இருக்கிறது?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாத டிரைவர் குடும்பம் எதுவானாலும், இன்று இரவே ஒரு போன் போட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருந்தால், ஓரம் கட்டிய பின் பேசச் சொல்லுங்கள்.